சம்பந்தியின் களாப்பழக் கப்கேக்

சம்பந்தி,

காலை டவுன் பஸ்ஸில் ஒரு அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. கண்டக்டர் ஜன்னல் வழியாக நீட்டி, "கள்ளக்குறிச்சியில இருந்து உங்க மாப்ள குடுத்தனுப்பினாரும்மா" என்று சொல்லிவிட்டு விசிலை ஊதிக்கொண்டு போய்விட்டார். உங்கள் பிள்ளையின் பேக்கரிப் பெட்டிதான். அதே ரோஸ் நிறம். மூடியில் உங்கள் போட்டோ இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டியிருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் வைத்தது வைத்தபடி கிடக்கிறது. நான் திறக்கவில்லை. திறப்பானேன்? அந்த ஸ்ட்ராபெரி எசென்ஸ் நாற்றம் அட்டையிலேயே ஊறிப் போயிருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையில் பினாயிலை ஊற்றிக் கழுவி, அதன்மேல் பன்னீரையும் தெளித்துவிட்டால் ஒரு வாடை வருமே, அதேதான். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, அதன் வாசனை கூடத்துக்கு வரவே இல்லை.

சீ! எனக்குக் கோபம் வந்தால் உங்களுக்குப் போன் போடுவதுதான் வழக்கம். யாரைத் திட்ட வேண்டுமோ அவர்களை உங்களிடம் திட்டிவிட்டு, நீங்கள் உங்கள் பங்குக்கு நாலு திட்டு சேர்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். இப்போது அந்த நம்பருக்குப் போட்டால் உங்கள் பிள்ளை எடுத்து, "வணக்கம், பேக்கரி" என்கிறார். நம்பரைக்கூட விட்டுவைக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருஷம் தாண்டிவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வேறு ஆள் கிடையாது.

எங்கள் ஊரில் என்னைப் பார்த்து, "சம்பந்தியம்மாவோட இவ்ளோ ஒட்டுதலா!" என்று ஆச்சரியப்படுவார்கள். பெண்ணைக் கொடுத்தவளும் பெண்ணை எடுத்தவளும் ஒருத்தியை ஒருத்தி முறைத்துக்கொண்டு இருப்பதுதானே நாட்டு நடப்பு. நாமும் அப்படித்தான் ஆரம்பித்தோம். நம்மைச் சேர்த்து வைத்தது பாசமோ மரியாதையோ ஒன்றுமில்லை. உங்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரி குமட்டும், அவ்வளவுதான். "எனுக்கு ஒண்ணு கொமட்டுச்சுன்னா உங்க மூஞ்சும் அப்பிடியே சுளிக்குது சம்பந்தி, அதான் உங்கள எனுக்குப் புடிக்குது" என்று நீங்களே சொன்னீர்கள்.

ஆனால் முதலில் எனக்குக் குமட்டியது உங்கள் பண்டம்தான்.

என் பெண் செல்விக்கு நிச்சயம் பண்ண நீங்கள் எங்கள் கச்சிராயபாளையம் வந்த அன்று, வழக்கப்படி ஒற்றைப்படையில் தட்டுகள் வந்தன. பூ, பழம், வெற்றிலைபாக்கு, புடவை, இனிப்பு என்று வரிசையாகப் பாயில் இறக்கி வைத்தீர்கள். கடைசித் தட்டைக் கண்ணாடித் தாள் போட்டு மூடி, நீங்களே மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டு வந்தீர்கள். தாளை எடுத்ததும் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே வட்டவட்டமாகக் கப்கேக். அடுப்புச் சாம்பலில் வாய்க்கால் பாசியைக் கரைத்தது போல ஒரு நிறம். மேலே வேறு, மங்கலான ஊதாவில் ஏதோ அப்பியிருந்தது.

என் அக்கா என் காதைக் கடித்தாள். "அடியே, பூசணம் பூத்தத எடுத்துக்கினு வந்துகீறாங்க. நல்ல காரியத்துக்கு வர்றவங்க பாத்து எடுத்தார மாட்டாங்களா?" எனக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு புரட்டல். வாயைக் கட்டத் தெரியாதவள் நான், "இன்னா கருமம் இது?" என்று வெளியிலேயே சொல்லிவிட்டேன். கூட்டம் முழுக்கக் கேட்டது. நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, "நாவப்பழம் போட்டது. கலரு தான் இப்பிடி ஆயிடுச்சு. ருசிக்கு ஒண்ணும் கொற இல்ல" என்றீர்கள். ஒருவரும் தொடவில்லை. மாப்பிள்ளையாக வந்து உட்கார்ந்திருந்த உங்கள் பிள்ளைகூடத் தலையைக் குனிந்துகொண்டார்.

நீங்கள் எல்லோரும் வேன் ஏறிய பிறகு எங்கள் வீட்டுக்காரர் அந்தத் தட்டை அப்படியே கொண்டு போய் மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தார். அந்த நேரம் பார்த்து, விட்டுப்போன குடையை எடுக்க நீங்கள் திரும்பி வந்தீர்கள். எங்கள் மாடு கண்ணை மூடிக்கொண்டு கப்கேக்கை மென்று, தொட்டியின் விளிம்பில் ஒட்டிய கிரீமை நாக்கை நீட்டி நக்கிக்கொண்டிருந்தது. நீங்கள் மாட்டைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். குடையை எடுத்துக்கொண்டு போனீர்கள். பிற்பாடு நாம் நெருங்கிப் பழகிய காலத்தில் யார் வந்தாலும் இதைச் சொல்லிச் சிரிப்பீர்கள். "இந்த வூட்டுல மொதல்ல என் அரும தெரிஞ்சது மாட்டுக்குத்தான்!"

கல்யாணம் முடிந்தது. அதற்கப்புறம் ஒரு வருஷம் நாம் பேசியதெல்லாம், "சாப்ட்டீங்களா", "சாப்ட்டோம்", "வெச்சிடறேன்". அந்தச் சாம்பல் நிறத்தை நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். இப்படிப்பட்ட கைக்குப் பெண்ணைக் கொடுத்துவிட்டோமே என்று எங்கள் வீட்டுக்காரரிடம் புலம்பியதும் உண்டு.

பிறகு செல்விக்கு மசக்கை வந்தது. சாதாரண மசக்கையா அது! சோறு கொதிக்கிற ஆவி பட்டால் வாந்தி. தாளிக்கிற சத்தம் கேட்டால் வாந்தி. தண்ணீர்கூடத் தங்கவில்லை. நீங்கள்தான் போன் பண்ணினீர்கள். குரலில் வீம்பு ஒன்றும் இல்லை. "சம்பந்தி, பொண்ணு ஒண்ணுமே துன்ன மாட்டேங்குது. நாராப் போயிடுச்சு. உங்காண்ட இட்டுக்கினு வர்றேன். நானும் ரெண்டு நாள் கூட இருக்கறேன்." வந்து இறங்கினீர்கள் பாருங்கள், ஒரு கையில் செல்வி, இன்னொரு கையில் பழைய போர்வையில் சுற்றிய ஓவன். டவுன் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். பக்கத்து சீட்டுக்காரர் டி.வி.யா என்று கேட்டாராம்.

மலையிலிருந்து இறங்குகிற பஸ்ஸில் பழக்கூடையோடு பொம்பளைகள் வருவார்களே, அவர்களில் ஒருத்தி விற்ற களாப்பழம்தான் செல்வி வயிற்றில் தங்கிய முதல் பண்டம். கறுத்துப் பழுத்த களா. புளிப்பும் இனிப்புமாகப் பத்துப் பதினைந்தை வாயில் போட்டுக்கொண்டு, "அம்மா, வாந்தி வரல" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீங்கள் அழவில்லை. "வெறும் களா துன்னா வயித்தப் புடுங்கும். மாவு, முட்ட, வெண்ண எல்லாம் உள்ள போவணும். இந்தப் புளிப்புக்குள்ள வெச்சு அனுப்பிச்சிரலாம்" என்று சொல்லி முந்தானையைச் செருகினீர்கள்.

அன்றைக்குத்தான் என் சமையற்கட்டில் நமக்குப் பெரிய சண்டை. நாலைந்து நாளாக ஆடையைச் சேர்த்துக் கடைந்து வைத்திருந்த வெண்ணெயைப் பெருமையாக எடுத்து நீட்டினேன். நீங்கள் மோந்து பார்த்துவிட்டுக் கிண்ணத்தைத் தூரத் தள்ளினீர்கள். "தப்பா நெனச்சிக்காதீங்க சம்பந்தி. இது நெய் காச்சத்தான் ஆவும். ஊசிப்போன வாட வருது." எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பூசணம் புடிச்ச கேக்கு எடுத்தாந்தவங்க என் வெண்ணயச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "அது பூசணம் இல்ல. சோடா உப்பு. நாவப்பழச் சாத்துல சோடா உப்பு பட்டா பச்சையா, சாம்பலா ஆயிடும்னு எனுக்கு அன்னைக்குத் தெரியாது. இப்ப தெரியும். உங்க வெண்ண ஊசிப்போச்சுன்னு உங்களுக்கு இப்பதான் தெரியுது. சரியாப் போச்சா?" என்றீர்கள். அவமானமாக இருந்தது, சிரிப்பும் வந்தது. அன்று ராத்திரியே பாலைத் தோய்த்து, மறுநாள் விடிகாலையில் கடைந்து, புது வெண்ணெய் எடுத்துக் கொடுத்தேன்.

அதிலும் ஒரு தவறு செய்தோம். களாவை விதை எடுத்துச் சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்து வடிகட்டிய கூழை, ஆறுவதற்குள் வெண்ணெயில் ஊற்றினேன். என் அவசரம். கடைந்த வெண்ணெயில் மோர்த் தண்ணீர் வேறு தங்கியிருந்தது. எல்லாம் சேர்ந்து திரிந்து, அடிபட்ட காயத்தில் சீழும் ரத்தமும் கசிவது போலக் கிண்ணத்தில் தனித்தனியாக நின்றது. உவ்வே! இருவரும் ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். மிச்சமிருந்த புது வெண்ணெயை ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிசைந்தீர்கள். தண்ணீர் வெளுக்க வெளுக்க மாற்றினீர்கள். கடைசித் தண்ணீர் பளிங்கு போல நின்ற பிறகுதான் சர்க்கரைப் பொடியைச் சேர்த்து அடித்தீர்கள். ஆறி, கெட்டியாகி இருந்த கூழைச் சொட்டுச் சொட்டாக விட்டீர்கள். வெண்ணெய் மெல்லச் சிவந்து, பிறகு ஊதாவில் வந்து நின்றது. மாவில் சோடா உப்பு போடவில்லை. பேக்கிங் பவுடரும் ஒரு மூடி எலுமிச்சையும் போட்டு, களாத் துண்டுகளை நடுவில் வைத்து வேகவிட்டீர்கள். பிளந்தால் உள்ளே சிவப்பு அப்படியே இருந்தது.

ஒரு விரலில் கிரீமைத் தொட்டு என் வாயில் வைத்து, "சொல்லுங்க, இருக்குதா?" என்று கேட்டீர்கள். இல்லை. நாக்கில் பட்டதும் போய்விட்டது. புளிப்பு மட்டும் ஓரத்தில் நின்றது. "இதான் கிரீமு. வாயில வெச்சா காணாமப் போவணும். ஒட்டிக்கினு இருந்துச்சுன்னா அது போஸ்டர் ஒட்டற பச" என்றீர்கள்.

செல்வி இரண்டு கப்கேக் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள். நாம் இருவரும் கட்டிலுக்குக் கீழே, நடுவில் அந்தப் பச்சை பிளாஸ்டிக் பக்கெட்டை வைத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். அவள் இருமினாலே பக்கெட்டைத் தூக்குவோம். சாயங்காலம் பால் கறக்க ஆள் வருகிறவரை அந்தப் பக்கெட் காலியாகவே இருந்தது.

பாத்திரம் கழுவும்போதுதான் உங்கள் கதையைச் சொன்னீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கள்ளக்குறிச்சியில் பேக்கரி வைத்திருந்தது எனக்குத் தெரியும். அவர் போன கையோடு நீங்கள் அதை இழுத்து மூடியதும் தெரியும். ஏன் என்று அன்றுதான் தெரிந்தது. வனஸ்பதி. டின் டின்னாக வாங்கி, சர்க்கரையோடு அடித்து, சிவப்புச் சாயம் கலந்து, பட்டர்கிரீம் என்று பெயர் வைத்து ரோஜாப்பூ போட்டு விற்றாராம். அவர் சட்டையை வெந்நீரில் சீயக்காய் போட்டு அலசினாலும் அந்தப் பிசுக்கு போகாதாம். தலையணை உறையிலும் அதே வாடையாம். வருஷா வருஷம் உங்கள் கல்யாண நாளுக்குக் கடை கேக்கைக் கொண்டுவந்து, உறவுக்காரர்கள் முன்னால் பெரிய துண்டாக உங்கள் வாயில் திணிப்பாராம். எல்லோரும் கை தட்டுவார்களாம்.

"மேலண்ணத்துல அப்பிக்கும் சம்பந்தி. நாக்கால வழிச்சாலும் வராது. ரெண்டு நாளு சோறு துன்னாலும் அதே கொழுப்பு ருசி. நல்ல மனுசன் தான், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது. அந்த ஒண்ண மட்டும் எனுக்கு முழுங்க முடியல. ஆனா முழுங்கினேன், வருசா வருசம் சிரிச்சிக்கினே முழுங்கினேன். ஒரு வாட்டியாவது துப்பியிருக்கணும்."

சோப்பு நுரையில் கையை வைத்தபடி சொன்னீர்கள். கண்ணில் தண்ணீர் இல்லை. முகம் மட்டும் அந்தக் கொழுப்பு இப்போதும் ஒட்டியிருப்பது போலச் சுருங்கியிருந்தது. எனக்கும் சுருங்கியது.

அதற்குப் பிறகு நாம் செய்ததெல்லாம் கொண்டாட்டம்தான். வாரா வாரம் நான் தூக்குப் பாத்திரத்தில் வெண்ணெயோடு முதல் பஸ் ஏறுவேன். நாவல் காலத்தில் நாவல், களா காலத்தில் களா, பட்டுப்பூச்சி வளர்க்கிறவர்கள் தோட்டத்தில் கிடைத்தால் மல்பெரி. ஒரு தடவை பழத்துக்காகக் கல்வராயன் மலைக்கே பஸ் ஏறினோமே! ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் உங்களுக்குக் குமட்டல். மேலே போய்க் களாச் செடியில் முள் குத்த முள் குத்தப் பறித்தோம். ஆசையில் பாதி பழுத்ததைக் கடித்து, அதன் பால் ஒட்டி உங்களுக்கு உதடு பிரியவில்லை. நீங்கள் பேசாமல் இருந்த ஒரே அரைமணி நேரம் அதுதான்.

ருசி தெரிந்து அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் விசேஷத்துக்குக் கேட்டு வர ஆரம்பித்தார்கள். வடக்கனந்தலில் இருந்து ஒருத்தர், பேத்திக்குக் காதுகுத்து, கப்கேக் மேலே பளிச்சென்று ரோஸ் நிறத்தில் கிரீம் வேண்டும் என்று கேட்டு வந்தார். "பழம் குடுக்கற கலரு தான் நான் குடுப்பேன். பளிச்சுன்னு வேணும்னா சுவத்துக்கு அடிக்கறத வாங்கிக்கோங்க" என்றீர்கள். அவர் கோபித்துக்கொண்டு போனார். ஆடி முடிவதற்குள் திரும்பி வந்தார்.

போன வருஷம் ஆனியில், காலையில் காபி குடித்துவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. உங்கள் பிரிட்ஜில் நீங்கள் காய்ச்சி வைத்த களாக் கூழ் ஒரு பாட்டில் இருந்தது. அதைத் தொட யாருக்கும் மனம் வரவில்லை. கருமாதிக்கு முந்தின நாள் எடுத்துப் பார்த்தேன். இந்தத் தடவை நிஜமாகவே பூசணம். வெள்ளையும் பச்சையுமாக மூடியிருந்தது. எதைப் பார்த்தாலும் குமட்டுகிற எனக்கு அதைப் பார்த்துக் குமட்டவில்லை. கழுவி ஊற்றும்போது தேம்பித் தேம்பி அழுதேன்.

இனிமேல்தான் நீங்கள் கேட்கவேண்டியது.

உங்கள் பிள்ளை வேலையை விட்டுவிட்டு அப்பாவின் பேக்கரியைத் திரும்பத் திறந்தார். நல்லது என்றுதான் நினைத்தேன். பார்த்தால், பெட்டி மூடியில் உங்கள் போட்டோ. நீங்கள் ஜென்மத்தில் பூசாத உதட்டுச் சாயத்தைக் கம்ப்யூட்டரில் பூசி, பல் தெரியச் சிரிக்கவைத்து, கீழே "அம்மா கை பெர்ரி பட்டர்கிரீம் கப்கேக்" என்று அச்சடித்திருக்கிறார்கள். கடைப் பின்கட்டில் எட்டிப் பார்த்தேன். வனஸ்பதி டின்கள். எசென்ஸ் பாட்டில்கள். நீங்கள் எதை வெறுத்து இழுத்து மூடினீர்களோ, அதையே உங்கள் முகத்தை ஒட்டி விற்கிறார்கள்.

கேட்டேன், கேட்காமல் இல்லை. மாப்பிள்ளையிடம் மாமியார் குரலை உயர்த்தக்கூடாது, அதனால் சிரித்துக்கொண்டே கேட்டேன். அவரும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். "அத்தை, வெண்ணெ போட்டா நம்ம ஊரு வெயிலுக்கு ஒழுவிடுது. களா ரெண்டு மாசம் தான் கெடைக்குது, கட வருசம் பூரா தொறக்கணும். ஜனங்களும் பளிச்சுன்னு கேக்கறாங்க. அம்மா வூட்டுல செஞ்சாங்க, நான் கடையில செய்யறேன்." அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்தக் கடையை நம்பித்தான் செல்வியும் குழந்தையும் இருக்கிறார்கள். "உங்க பாடு, எதையோ வித்துக்கோங்க, ஆனா அம்மா மூஞ்சிய எடுத்துருங்க மாப்ள" என்றேன். "அந்த மூஞ்சிக்குத்தான் அத்தை கூட்டமே வருது" என்றார். செல்வி பின்னாலிருந்து என் புடவையை இழுத்தாள். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன். உங்கள் பெயரைச் சொல்லி ஊரெல்லாம் அந்தப் பசையைத் தின்கிறதே, நாளைக்கு உங்கள் பேத்தியும் இதுதான் ஆயா கை என்று நம்பி வளருமே என்று எனக்குள் எரிந்துகொண்டே இருந்தது.

போன மாதம் உங்கள் முதல் வருஷப் படையல். உறவுக்காரர்கள் கூடம் கொள்ளாமல் இருந்தார்கள். உங்கள் படத்துக்கு மாலை போட்டு, இலையில் வடை, பாயசம், உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய் எல்லாம் வைத்திருந்தார்கள். நடுவில் அந்த ரோஸ் பெட்டி. திறந்து வைத்த கப்கேக், அத்தனை புழுக்கத்திலும் கற்பூர அனலிலும் ஒரு மடிப்புக் கலையாமல் விறைத்து நின்றது. பக்கத்தில் உங்கள் படத்தில் போட்ட மல்லிகை வாடிவிட்டது, அது வாடவில்லை. பிணத்துக்குப் பவுடர் போட்டு உட்காரவைத்த மாதிரி இருந்தது.

தீபம் காட்டி முடித்ததும் உங்கள் பிள்ளை அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்தார். கடையில் வேலை செய்கிறவர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார். "அத்தை, அம்மா கூடவே இருந்து செஞ்சவங்க நீங்க. ஒரு கடி கடிச்சிட்டு, எங்கம்மா கை ருசி அப்பிடியே கீதுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. கடைக்கு வீடியோ போடணும்." நான் செல்வியைப் பார்த்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சொல்லிவிடு அம்மா என்று கண்ணாலேயே கெஞ்சினாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், சம்பந்தி. சத்தியமாக.

அவர் ஊட்டினார். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

கை தட்டினார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு நீங்கள் சோப்பு நுரையில் கையை வைத்துக்கொண்டு நின்றது கண்ணுக்கு முன்னால் வந்தது. கொழுகொழுவென்று மேலண்ணத்தில் அப்பியது. இனிப்புக்கு அடியில் ஒரு மெழுகு நாற்றம், அதற்கும் அடியில் அந்தப் பினாயில் பன்னீர். நாக்கைத் திருப்ப முடியவில்லை. முழுங்கு முழுங்கு என்று மனசு சொல்லுகிறது, உடம்பு கேட்கவில்லை. த்தூ என்று துப்பிவிட்டேன். வாழை இலை ஓரத்தில், உங்கள் படத்துக்கு முன்னாலேயே.

உங்கள் பிள்ளையின் முகம் வெளுத்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்கு மரியாதை ஒன்றும் ஞாபகம் இல்லை. "இது உங்கம்மா கை இல்ல மாப்ள" என்றேன். "இது உங்கப்பா கை."

அவர் கையில் மீதி இருந்த அரைக் கப்கேக்கைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் என்னைத் தரதரவென்று வெளியே இழுத்து வந்தார். "மாப்ளைக்கு முன்னாடி துப்புறது இன்னாடி மரியாத? பொண்ண அங்க வெச்சிக்கினு பண்ற வேலையா இது?" வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். அவர் திட்டியதிலும் தப்பில்லை. அன்றிலிருந்து செல்வி என் போனை எடுக்கவில்லை. பேத்தியின் குரலைக் கேட்கவில்லை. அவள் பிறந்த வீட்டுக்கு வரும் பாதையை அடைத்துவிட்டேனோ என்று தவித்துப்போனேன். வாயில் மட்டும் அந்த அப்பல் போகவே இல்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன். சாம்பலும் உப்பும் வைத்துப் பல் தேய்த்தேன். எதைச் சாப்பிட்டாலும் அதன் மேல் ஒரு கொழுப்புப் படலம். நீங்கள் எத்தனை வருஷம் இதை வாயில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினீர்கள்! துப்பியது எனக்காக மட்டும் இல்லை, உங்கள் பங்கையும் சேர்த்துத்தான். ஆனால் அதற்கு விலையாக என் பெண்ணைக் கொடுக்கவேண்டி வருமோ என்று பயந்துகொண்டே இருக்கிறேன்.

இவ்வளவும் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் பெட்டியைச் சுற்றி ஈரம். அட்டையின் அடியில் எண்ணெய்க் கறை படர்ந்திருக்கிறது. அந்தக் கடைக் கிரீம் ஒழுகவே ஒழுகாதே, சம்பந்தி. இருங்கள், பிரித்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பிரித்துவிட்டேன்.

நாலு கப்கேக். கிரீம் வழிந்து பக்கவாட்டில் ஓடி, தாளெல்லாம் ஊதா. பழம் வடிகட்டாமல் திப்பி திப்பியாக நிற்கிறது. ஒன்றை எடுத்துத் தாளை உரித்தேன். உள்ளே சாம்பல் நிறம். அடுப்புச் சாம்பலில் வாய்க்கால் பாசியைக் கரைத்த அதே நிறம். பார்க்கச் சகிக்கவில்லை. அடிவயிற்றிலிருந்து அதே பழைய புரட்டல் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு கடித்தேன்.

களா. புளிப்பு, அதன் பின்னால் இனிப்பு. வெண்ணெய் நாக்கில் பட்டது, போய்விட்டது.

உங்கள் நம்பருக்குப் போட்டேன். "வணக்கம்" என்று யாரும் சொல்லவில்லை. எடுத்ததுமே, "தொறந்தீங்களா அத்தை?" என்றார் உங்கள் பிள்ளை. "தொறந்தேன் மாப்ள." "கடையில விக்கறதுக்கு இல்ல. அதுக்கு இன்னும் பழசுதான். பொட்டியில அம்மா படம் மட்டும் வேணாம்னு தாள் ஒட்டிட்டேன். இது நானும் செல்வியும் வூட்டுல செஞ்சது. கலரு தான் இப்பிடி ஆயிடுச்சு. பூசணம் மாதிரி கீதுன்னு செல்வி உங்களுக்கு அனுப்ப வேணாம்னுச்சு." பின்னால் செல்வி ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! "சோடா உப்பு போட்டீங்களா?" என்று கேட்டேன். "ஆமா. அம்மா போட மாட்டாங்களா?" "போட்டாங்க. ஒரே ஒரு வாட்டி. உங்க நிச்சயத்துக்கு."

நிச்சயத் தட்டில் ஒன்றைக்கூட நான் வாயில் வைக்கவில்லை, சம்பந்தி. ருசிக்கு ஒண்ணும் கொற இல்ல என்று நீங்கள் சொன்னீர்கள். இல்லைதான். இன்றைக்குத்தான் எனக்குத் தெரிகிறது.

மூன்றைத் தின்றேன். நாலாவதை மாட்டுக்குக் கொண்டு போனேன். அதே மாடுதான். கண்ணை மூடிக்கொண்டு மென்றது.

நாளைக்கு முதல் பஸ்ஸுக்கு வெண்ணெய் எடுத்துக்கொண்டு போகிறேன். தூக்குப் பாத்திரத்தைத் தேடி எடுத்து விளக்கி வைத்துவிட்டேன். சோடா உப்பு டப்பாவை எட்டாத அலமாரியில் தூக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். மேலண்ணத்தை நாக்கால் தடவித் தடவிப் பார்க்கிறேன், அந்த அப்பல் இல்லை. ஓரத்தில் கொஞ்சம் புளிப்பு மட்டும் இருக்கிறது, வாய் கொப்பளிக்காமல் அதை அப்படியே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி